ஓடைமேட்டில் நிற்காத பஸ்

உங்கள் ஊர் எங்கே இருக்கிறது என்று யாராவது கேட்டால் எனக்குக் கோபம் வரும். கேட்பவர் மேல் இல்லை, ஊர் மேல். மாமல்லபுரத்திலிருந்து திருக்கழுக்குன்றம் போகிற சாலையில் ஓடைமேடு என்று ஒன்று இருக்கிறது. தேடிப் பிடித்தால் அறுபது வீடு தேறும். வடக்கு வரிசை ஒரு பஞ்சாயத்து, தெற்கு வரிசை இன்னொரு பஞ்சாயத்து. நடுவில் ஓடுகிற சாக்கடை யாருடையது என்று இரண்டு தலைவர்களுக்கும் இன்றுவரை தெரியாது. ஓட்டுப் போட ஒரு பக்கம் போக வேண்டும், ரேஷன் அரிசிக்கு இன்னொரு பக்கம். தபால் திருக்கழுக்குன்றத்தில் வந்து கிடக்கும். அடிதடி என்றால் மாமல்லபுரம் ஸ்டேஷன், மண்டை உடைந்தால் செங்கல்பட்டு ஆஸ்பத்திரி. தெருவிளக்கு எரியவில்லை என்று மனு கொண்டுபோனால், "அந்தக் கம்பம் எங்களுது இல்லம்மா" என்று இந்தப் பஞ்சாயத்திலும் சொல்வார்கள், அந்தப் பஞ்சாயத்திலும் சொல்வார்கள். கம்பம் என்னவோ எங்கள் வீட்டு வாசலில்தான் நிற்கிறது.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். வெளியூர்க்காரன் எங்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை, சரி, போகட்டும். எங்கள் ஊர்க்காரர்களே எங்கள் ஊரைச் சேர்த்துக்கொள்ளாமல் இருந்தார்கள் பாருங்கள், அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

என் பேர் ரெஜினா. பிறந்தது செங்கல்பட்டு, வாக்கப்பட்டது ஓடைமேடு. வீட்டுக்காரர் தேவசகாயம் கல்பாக்கத்தில் ஒரு காண்ட்ராக்டரிடம் கொத்தனார். நான் கடற்கரை ஹோட்டல் ஒன்றில் படுக்கை விரிப்பு துவைத்துக்கொண்டிருந்தேன். பிளீச்சிங் தண்ணீரில் விரல் நுனியெல்லாம் வெந்துபோய், சோறு பிசைந்தால் எரியும். மகளுக்குத் தலை பின்னிவிட்டால் முடி விரல் வெடிப்பில் மாட்டிக்கொள்ளும். அப்படி இருக்கும்போதுதான், இரண்டாயிரத்து ஏழில், சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் புதிதாக வந்த கம்பெனி ஒன்றில் எனக்கு வேலை கிடைத்தது. காருக்குள் போகிற ஒயர்களைக் கட்டுக்கட்டாகச் சேர்த்துக் கட்டும் வேலை. ஏசி, நீலச் சட்டை, கழுத்தில் போட்டோ போட்ட அட்டை, பி.எஃப். முதல் மாதத்திலேயே விரல் ஆறிவிட்டது. இந்த வேலையை விட்டுவிடக் கூடாது என்று மாதாவிடம் வேண்டிக்கொண்டேன்.

வேலையில் ஒரு கஷ்டமும் இல்லை. அங்கே போய்ச் சேர்வதுதான் கஷ்டம்.

கம்பெனி பஸ் விடியற்காலை மாமல்லபுரத்தில் கிளம்பும். பூஞ்சேரி வழியாக வந்து, எங்கள் ஓடைமேட்டைத் தாண்டி, கூட்ரோடு, திருக்கழுக்குன்றம், செங்கல்பட்டு என்று நின்று நின்று போகும். எங்கள் ஊரை மட்டும் தாண்டித்தான் போகும், நிற்காது. நான் பஸ் விஷயங்களைப் பார்க்கும் ராமானுஜம் சாரிடம் போய்க் கேட்டேன். நல்ல மனிதர்தான். வெற்றிலை போட்டதுபோல எப்போதும் வாயில் சலிப்பை மென்றுகொண்டிருப்பார்.

"ஓடைமேடா? அப்படி ஒரு ஊரு இருக்கா?"

"இருக்கு சார். நம்ம பஸ்ஸு எங்க வாசல்லதான் போகுது."

"ஒரு ஆளுக்கெல்லாம் ஸ்டாப் போட முடியாதும்மா. மூணு பேராவது ஏறணும். அந்த ஊர்ல இருந்து வேற யாரும் நம்மகிட்ட வேலை செய்யல. கூட்ரோட்டுல போய் ஏறிக்கோ."

வேறு யாரும் இல்லையா? எங்கள் தெரு சம்பத் அண்ணன் இரண்டு வருஷமாக அந்தக் கம்பெனியில்தான் இருக்கிறார். செல்வராஜ் இருக்கிறான், சியாமளா இருக்கிறாள். சாருக்குத்தான் சரியாகத் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டு வந்துவிட்டேன். என் புத்தி அவ்வளவுதான்.

மறுநாள் தேவசகாயம் என்னை டிவிஎஸ்ஸில் கூட்ரோட்டில் கொண்டுபோய் விட்டார். பஸ் வந்தது. ஏறினேன். ஜன்னலோரம் சம்பத் அண்ணன் உட்கார்ந்திருக்கிறார். எங்கள் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அன்று காலையில்தான் அவர் பெண்டாட்டி முனியம்மா என்னிடம் காபித்தூள் வாங்கிப் போனாள். அந்த மனிதர் என்னைப் பார்த்துச் சிரித்து, "வணக்கம் மேடம். புதுசா ஜாயின் பண்ணியிருக்கீங்களா?" என்றார்.

நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். பின்னால் ஆள் ஏறியதால் தள்ளிக்கொண்டு போய் உட்கார்ந்தேன். திருக்கழுக்குன்றத்தில் செல்வராஜ் ஏறினான். பிறந்ததிலிருந்து எங்கள் தெருவில் ஓடித் திரிந்த பயல். அவன் என் பக்கம் திரும்பவே இல்லை. சியாமளாவை கம்பெனி வாசலில்தான் பார்த்தேன், கல்பாக்கம் பஸ்ஸிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தாள்.

அப்புறம்தான் மெல்ல மெல்ல விளங்கியது. சம்பத் அண்ணன் கம்பெனியில் தன் ஊர் மாமல்லபுரம் என்று சொல்லி வைத்திருக்கிறார், லைட் ஹவுஸுக்குப் பின்னால் வீடு என்று. விடியுமுன் சைக்கிளை மிதித்துக்கொண்டு மாமல்லபுரம் போய், அங்கே பஸ் ஏறி, அந்தப் பஸ்ஸிலேயே தன் வீட்டு வாசலைத் தாண்டி வருகிறார். தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவது என்று கேட்டிருக்கிறேன், தொடுகிற ஆளை அன்றுதான் பார்த்தேன். செல்வராஜுக்கு ஊர் திருக்கழுக்குன்றமாம். சியாமளா கல்பாக்கம் டவுன்ஷிப்பாம், கல்பாக்கம் பஸ் ஏற அவள் அண்ணன் தினமும் பைக்கில் புதுப்பட்டினம் கொண்டுபோய் விடுகிறான். ஒரே தெருவில் எழுந்து ஒரே கம்பெனிக்குப் போகிற மூன்று பேர் மூன்று திசையில் ஓடுகிறார்கள். நடுவில் பஸ் நிற்காமல் எங்கள் ஊரைக் கடந்து போகிறது.

இவர்கள் கூத்தில் மாட்டிக்கொண்டது நான். டிவிஎஸ் ஒருநாள் பஞ்சர், ஷிப்ட் போயிற்று. இன்னொருநாள் கான்கிரீட் வேலை என்று வீட்டுக்காரர் முந்தைய நாளே கல்பாக்கத்தில் தங்கிவிட்டார், கால்நடையாகவே ஓடினேன், பஸ்ஸின் பின்பக்கத்தைத்தான் பார்த்தேன். மறுநாள் சூப்பர்வைசரம்மா கூப்பிட்டுச் சொன்னாள், "டிரெய்னிங்ல மூணாவது வாட்டி லேட்டுன்னா கேட்டுலயே கார்டு வாங்கிடுவாங்க ரெஜினா. என்கிட்ட வந்து அழக் கூடாது." எனக்கு ஹோட்டலின் பிளீச்சிங் வாடை அப்போதே மூக்கில் ஏறிவிட்டது.

அன்று மத்தியானம் திரும்பி வரும்போது கூட்ரோட்டில் இறங்கவில்லை. உட்கார்ந்தே இருந்தேன். ஓடைமேடு வந்ததும் டிரைவரிடம் போய், "அண்ணே, கொஞ்சம் நிறுத்துங்க" என்றேன்.

"ஸ்டாப் இல்லாத எடத்துல நிறுத்துனா எனக்கு மெமோ குடுப்பாங்க தங்கச்சி."

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்கள், இங்கே சாமியும் கொடுக்கவில்லை. என் மகள் வாசலில் நின்று பல்லாங்குழிக்குப் புளியங்கொட்டை பொறுக்கிக்கொண்டிருந்தது ஜன்னல் வழியாகத் தெரிந்தது. பஸ் அவளைத் தாண்டி என்னை மாமல்லபுரத்துக்குக் கொண்டுபோய் இறக்கியது.

சம்பத் அண்ணன் கல் பட்டறை ஓரம் நிறுத்தியிருந்த சைக்கிளை எடுத்தார். நான் போய் எதிரில் நின்றேன். அவர் குரலை இறக்கி, "இங்க வேணாம் ரெஜினா. கம்பெனில என்னோட வேல செய்ற லட்சுமணன் ரூமு இந்தத் தெருவுலதான் கீது. நீ பின்னாலயே நடந்துகினு வா, பூஞ்சேரி தாண்டி ஏத்திக்கிறேன்" என்றார்.

அந்த வெயிலில் நான் இருபதடி பின்னால் நடந்தேன். திருடனும் திருடியும் போவதுபோல. பூஞ்சேரி தாண்டியதும் கேரியரில் ஏறி உட்கார்ந்தேன், வாயைத் திறந்தேன்.

"இன்னா அண்ணாத்த இது. முழுப் பூசணிக்காய சோத்துல மறைக்கிற. உன் வூட்ட நீயே பஸ்ஸுல தாண்டிப் போற, வெக்கமா இல்ல? நீயும் செல்வராஜும் ஊர்ப் பேர ஒழுங்கா சொன்னா மூணு பேராவோம். ஸ்டாப்பு வரும். என் வேல போவப் போவுது, தெரியுமா?"

அவர் மேட்டில் எழுந்து நின்று மிதித்தார். பிறகு சொன்னார்.

"இதுக்கு முன்னாடி இருந்த கம்பெனில ஊர ஒழுங்காத்தான் சொன்னேன். ஒருத்தன் 'அது காலனி தானே'ன்னு கேட்டான். ஆமான்னேன். அவ்ளோதான். யாரும் ஒண்ணும் சொல்லல ரெஜினா. சண்ட இல்ல, திட்டு இல்ல. மறுநாள்ல இருந்து நான் டிபன் பாக்ஸ தொறந்தா எவனுக்கும் பசிக்கல. ஒருத்தனுக்கு வயிறு சரியில்லம்பான், ஒருத்தன் கேன்டீன்ல சாப்ட்டேம்பான். ஒரு வருசம் பாத்துட்டு வந்துட்டேன். இங்க லட்சுமணன் முனியம்மா வெச்ச கருவாட்டுக் கொழம்புக்கு சண்ட போடுவான். விழுப்புரத்துப் பையன், தனியா ரூமு எடுத்துகினு கீறான். தம்பி மாதிரி."

"அது எந்தக் காலம் அண்ணாத்த. இப்ப எல்லாருக்கும் ஒரே சட்ட, ஒரே கேன்டீனு. எவன் பாக்கறான் இதெல்லாம்? நீயா பயந்துகினு, ஊரையும் பேஜாரு பண்ற."

எனக்கு அவர் சொன்னது புரியாமல் இல்லை. செங்கல்பட்டிலும் நாங்கள் யார் என்பதை எங்களை யாரும் மறக்கவிட்டதில்லை. ஆனால் அந்த நேரத்தில் எனக்கு என் வேலைதான் பெரிதாகத் தெரிந்தது. பயந்தாங்கொள்ளி, சாக்குச் சொல்கிறார் என்றே நினைத்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மூன்று பேரையும் தண்ணீர் டேங்கடியில் கூட்டினேன். கூட்டத்தில் நடந்ததைச் சொன்னால் உங்களுக்கும் தலை வலிக்கும்.

"சம்பத்தண்ணன் மொதல்ல சொல்லட்டும். அப்பால நான் சொல்றேன்" என்றான் செல்வராஜ்.

"செல்வராஜு சின்னப் பையன், அவன் சொன்னா ஒண்ணும் ஆவாது. அவன் சொல்லட்டும், பின்னாலயே நான்" என்றார் சம்பத் அண்ணன்.

"என்ன விட்ருங்கக்கா. என் லைன்ல ஒருத்தரு என்ன பொண்ணு கேக்கறேன்னு சொல்லிகினு கீறாரு. டவுன்ஷிப்புன்னுதான் சொல்லி வெச்சிகீறேன்" என்றாள் சியாமளா, தரையைப் பார்த்துக்கொண்டு.

"பொண்ணு பாக்க டவுன்ஷிப்புக்கா வருவாரு? யாரு வூட்டக் காட்டுவ?" என்றேன் நான்.

அவளுக்கு அழுகை வந்துவிட்டது. தேவசகாயம் என்னைத்தான் முறைத்தார். "உனக்கு ஒரு ஸ்டாப்பு வேணும்னா ஊரையே அழ வெப்பியா?" என்றார். ஆளுக்கொரு பக்கம் கலைந்து போனார்கள். கூட்டம் போட்டதில் நான்தான் கெட்டவளானேன். அன்று நான் வைத்த கறிக்குழம்பில் உப்பே இல்லை, எவரும் வாய் திறக்கவும் இல்லை.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. ஓடை நிரம்பி, ஊருக்கு மேற்கே சாலைப் பள்ளத்தில் முழங்கால் தண்ணீர். ஒருநாள் விடிகாலை டிவிஎஸ் அந்தத் தண்ணீரில் பாதி தூரம் போய் முக்கிவிட்டு நின்றுவிட்டது. தேவசகாயம் மிதிக்கிறார், மிதிக்கிறார், வண்டி இருமுகிறதே தவிரக் கிளம்பவில்லை. கூட்ரோட்டுக்கு நடந்துபோய்ச் சேர்வதற்குள் பஸ் செங்கல்பட்டு போயிருக்கும். மூன்றாவது தடவை. நான் தண்ணீரிலிருந்து திரும்பி ஊர் வாசலுக்கு ஓடி வந்தேன். பஸ் எப்படியும் இந்த வழியாகத்தான் வர வேண்டும்.

பஸ் வந்தது. பாதி ரோட்டுக்கு இறங்கி நின்று, கழுத்து அட்டையைத் தூக்கிப் பிடித்துக் கையை ஆட்டினேன். டிரைவர் என்னைப் பார்த்தார், ஒதுக்கிக்கொண்டு ஓட்டினார். ஜன்னலில் சம்பத் அண்ணன் முகம் தெரிந்தது. என்னை நேராகப் பார்த்தார். பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டார்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. காலில் கிடந்த செருப்பைக் கழற்றி பஸ் மேல் எறிந்தேன். பின்பக்கத் தகரத்தில் பட்டென்று அடித்து விழுந்தது. பஸ் கொஞ்ச தூரம் போய் நின்றது. செருப்பால் அடித்ததற்குத்தான் நிறுத்தியிருக்கிறார்கள், இன்றைக்கு வேலையும் போயிற்று மானமும் போயிற்று என்று நினைத்தேன். பார்த்தால், படியில் சம்பத் அண்ணன் நிற்கிறார். மழையில் நனைந்துகொண்டு கையசைத்துக் கூப்பிடுகிறார்.

ஒற்றைச் செருப்போடு ஓடி ஏறினேன். டிரைவர் திட்டிக்கொண்டிருந்தார். "கண்ட எடத்துல நிறுத்தச் சொல்ற, நாளைக்கு நான் பதில் சொல்லணும். யாருய்யா அந்தப் பொண்ணு உனக்கு?"

"எங்க ஊருப் பொண்ணு. எங்க ஊரு இது. மெமோ வந்தா என் பேர சொல்லு, வண்டிய எடு" என்றார் சம்பத் அண்ணன். சத்தமாகத்தான் சொன்னார். பஸ்ஸில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள்கூட விழித்துக்கொண்டார்கள்.

அவர் தன் இடத்துக்குப் போய் ஜன்னலோரம் உட்கார்ந்தார். பக்கத்தில் இருந்த லட்சுமணன் சிரித்துக்கொண்டே கேட்டான். "என்னண்ணே, உங்க வீடு லைட் ஹவுஸ் பின்னாடின்னு சொன்னீங்க?"

"இல்ல லட்சுமணா. அந்தப் பச்சக் கதவு தெரிஞ்சுது பாரு, அதான் என் வூடு."

"இது காலனி இல்ல?"

"ஆமா. காலனிதான்."

"ஓ" என்றான் லட்சுமணன். தலையைக்கூட ஆட்டினான். முன் சீட்டில் உட்கார்ந்து பாவாடையைப் பிழிந்துகொண்டிருந்த நான் திரும்பிப் பார்த்தேன். அப்பாடா, இவ்வளவுதானே, இதற்கா இத்தனை நாள் என்று எனக்குச் சிரிப்பே வந்தது. கொஞ்ச தூரம் பஸ் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு மெதுவாகப் போயிற்று. லட்சுமணன் தன் பையை எடுத்தான், எழுந்தான்.

"சாரல் அடிக்குதுண்ணே. நான் பின்னாடி போறேன்."

ஜன்னலோரம் இருந்தது சம்பத் அண்ணன். சாரல் அடித்தால் அவர்மேல்தான் அடிக்க வேண்டும். அந்த ஜன்னலும் சாத்தியிருந்தது. லட்சுமணன் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்து, காதில் பாட்டு மாட்டிக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டான். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சண்டை இல்லை, திட்டு இல்லை.

என் ஆத்திரம் முழுவதையும் இத்தனை நாள் சம்பத் அண்ணன் மேல் கொட்டி வந்தேன். இப்போது அதை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று தெரியவில்லை. இன்னொரு செருப்பையும் கழற்றி லட்சுமணன் மேல் வீசலாம், எதற்கு என்று கேட்டால் சாரல் அடித்ததற்கு என்றா சொல்வது? கம்பெனி பஸ்ஸில் ஆண்கள் பக்கம் பெண்கள் உட்காரும் வழக்கம் இல்லை. நான் எழுந்துபோய் அந்தக் காலி இடத்தில் உட்கார்ந்தேன்.

"முன்னாடி போய் உக்காரு ரெஜினா" என்றார் அவர், என்னைப் பார்க்காமல்.

"முன்னாடி சாரல் அடிக்குது."

அவர் சிரிக்கவில்லை. 'எவன் பாக்கறான் இதெல்லாம்' என்று பூஞ்சேரி ரோட்டில் நான் கேட்டதை அவர் சொல்லிக்காட்டவும் இல்லை. சொல்லிக்காட்டியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். சாத்திய கண்ணாடியையே பார்த்துக்கொண்டு வந்தார்.

திருக்கழுக்குன்றத்தில் செல்வராஜ் ஏறினான். வழக்கம்போல எங்களைப் பார்க்காமல் பின்னால் போகப் பார்த்தான். கடைசி வரிசையிலிருந்து ஒருவன் கூப்பிட்டான். "செல்வராஜ், சம்பத்தண்ணன் ஊரு ஓடைமேடு காலனியாமே, உனக்குத் தெரியுமா?"

செல்வராஜ் நடுவழியில் நின்றான். சம்பத் அண்ணனைப் பார்த்தான். அவர் பக்கத்தில் நான் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தான். நான் வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் ஏதாவது ஏடாகூடமாகத்தான் வந்திருக்கும்.

"தெரியும். நானும் அந்த ஊருதான்" என்றான். பின்னால் எவ்வளவோ இடம் இருந்தது. அவன் எங்கள் சீட்டுப் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிங்கப்பெருமாள் கோயில் வரைக்கும் நின்றே வந்தான்.

மூன்று பேர் ஆகிவிட்டோம். ராமானுஜம் சார் கேட்ட கணக்கு சரியாகிவிட்டது. மனிதர் சொன்ன சொல் தவறவில்லை, அடுத்த திங்கட்கிழமையிலிருந்து பஸ் எங்கள் வாசலில் நிற்கிறது. என் கார்டு என்னிடமே இருக்கிறது. நான் தலை வாரி, மகளுக்கும் பின்னிவிட்டு, ஹாரன் கேட்ட பிறகு வெளியே வந்தால் போதும். எங்கள் மூன்று பேருக்கும் பஸ்ஸில் இடம் இல்லாமல் போனதே இல்லை. எவ்வளவு கூட்டம் இருந்தாலும் எங்கள் பக்கத்து சீட் காலியாகத்தான் வரும்.

சியாமளா இன்னும் அண்ணன் பைக்கில் புதுப்பட்டினம் போய்த்தான் ஏறுகிறாள். நான் அவளை ஒன்றும் சொல்வதில்லை.